காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிப்பீர்கள்?

எங்கள் நர்சிங் கல்லூரி விடுதியில் எந்த மாணவியின் அலமாரியைத் திறந்தாலும் பாராசிட்டமால் அட்டைக்குப் பக்கத்தில் கோடாலித் தைலம் இருக்கும். கொஞ்சம் ஓமம், ஒரு துண்டு சுக்கு, ஊரிலிருந்து அம்மா இடித்துக் கொடுத்துவிட்ட பெயர் தெரியாத பொடி ஒன்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். மாதவிலக்கு வலிக்கு வெந்தயத்தை மோரோடு விழுங்குகிறார்கள். சளிக்குக் கற்பூரவல்லி. பரீட்சை நேரத்துத் தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பத்து. சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால் கழற்சிக்காய்ப் பொடி. அளவு யூடியூப்பில் பார்த்தது. ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டால் வீட்டிலிருந்து ஆள் வந்து வேப்பிலைக் கொத்தோடு கூட்டிப் போய்விடுவார்கள். வயது வந்தவர்களுக்கு வரும் சின்னம்மை நுரையீரல் வரைக்கும் போகக்கூடும், முதல் 24 மணி நேரத்தில் மருந்து தொடங்கினால் நல்லது என்று வகுப்பில் எழுதி வைத்திருக்கும் பெண்தான் அவளும்.

இதே பெண் மறுநாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மெடிக்கல் வார்டுக்கு வருகிறாள். ஒரு பாட்டியின் தலையணைக்கு அடியில் காகிதப் பொட்டலம் ஒன்றைப் பார்க்கிறாள். முகம் மாறுகிறது. "இதெல்லாம் யாரு குடிக்கச் சொன்னா? ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு இதையெல்லாம் குடிக்கலாமா?" பாட்டி பொட்டலத்தை மடியில் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்தப் பாட்டி எந்த நர்சிடமும் எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டாள். பொடியை மட்டும் தொடர்ந்து சாப்பிடுவாள், விளக்கணைத்த பிறகு.

திருநெல்வேலிப் பக்கத்து வார்டுகளில் வேலை பார்த்து, பிறகு கற்பிக்க வந்தவள் நான். மாணவியருக்கு மாற்று மருத்துவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், நிறையத் தெரியும் என்பேன். பிரச்சினை அறிவில் இல்லை. தன் வீட்டில் தெரிந்துகொண்டதும் வகுப்பில் படித்ததும் அவர்கள் தலைக்குள் இரண்டு தனித்தனி அறைகளில் இருக்கின்றன, நடுவில் கதவு இல்லை.

பாடத்திட்டமும் அந்தக் கதவை வைக்கவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்திலும் சரி, அதற்கு முந்தையதிலும் சரி, மருந்தியல் பாடத்தின் கடைசியில் மாற்று மருத்துவ முறைகளின் மருந்துகளுக்கு ஒரு சிறு அறிமுகம் உண்டு. செமஸ்டர் முடியப் போகும் அவசரத்தில் எடுக்கப்படும் பகுதி அது. பரீட்சையில் ஆயுஷ் என்பதை விரித்து எழுதச் சொல்வார்கள், எழுதிவிடுவார்கள். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் தொண்டை கட்டுகிறது என்று அதிமதுரத்தை மாதக்கணக்கில் வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும் என்பதை அந்தப் பகுதி சொல்லித் தராது. இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஊரே சொல்ல, டயாலிசிஸ் நோயாளி அதை நம்பிக் குடித்துவிட்டுப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறி வந்து சேர்வதையும் சொல்லாது.

எம்.எஸ்ஸி. மாணவியருக்கு இந்தத் தலைப்பு மிகவும் பிடித்தமானது. ஜூனியர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னால் ஆய்வு முடிந்துவிடும். அறிவு நடுத்தரம், மனப்பான்மை சாதகம் என்று முடிவு வரும். நான் பார்த்தவரை வேறு முடிவு வந்ததே இல்லை. ஜூனியர்களுக்கு இது அக்காக்களின் ஆய்வு, நல்ல பெயர் வர வேண்டும் என்ற கரிசனத்திலேயே டிக் அடிப்பார்கள். அந்த வினாத்தாளில் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக நீ பார்த்த நோயாளி வீட்டில் என்ன குடித்துக்கொண்டிருந்தார்?

அதைக் கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவத்தைத்தான் இத்தனை காலமாகக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறேன்.

ஒருநாள் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கமாக ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாமாண்டு மாணவி நோட்டோடு போய் ஹிஸ்டரி எடுத்தாள். "தாத்தா, வேற மருந்து ஏதும் சாப்பிடுதீயளா?"

"இல்ல தாயி. ஆஸ்பத்திரி மாத்திர மட்டுந்தான்."

அவள் 'வேறு மருந்து இல்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் கேட்டேன். "ஆச்சி, காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல தாத்தாவுக்கு என்ன குடுப்பீய?"

"சிறுகுறிஞ்சான் பொடிதான், வெந்நீல கலக்கி. ராத்திரி பாவக்கா சாறு. அது மருந்தா? தழைல்லா."

அந்தப் பொடியால்தான் சர்க்கரை இறங்கியது என்று நான் சொல்லவில்லை. வயதானவர், முந்தின நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சாப்பிடும் மாத்திரையும் வெகுநேரம் நின்று வேலை செய்யும் வகை. ஆனால் சிறுகுறிஞ்சானுக்கும் பாகற்காய்க்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு என்பதால் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது. ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம், இரவு முழுக்க மணிக்கொரு தரம் குத்திப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. இரவு டியூட்டிக்கு ஓவர் கொடுக்கும்போது அந்த மாணவியே பொடியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தாள்.

மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் யாரும் தழையைச் சொல்வதில்லை. ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று சந்தேகத்தோடு கேட்டால் இல்லை என்பார்கள். 'இதற்கு வீட்டில் என்ன பார்த்தீர்கள்' என்று, பார்த்திருப்பார்கள் என்ற நிச்சயத்தோடு கேட்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் என்ன, ராத்திரி படுக்கப் போகும்போது என்ன, உடம்பில் என்ன பூசுகிறீர்கள், எங்காவது மந்திரித்தீர்களா, கயிறு கட்டினீர்களா. நோயாளியைவிட அவர் பக்கத்தில் இருக்கும் மாமியாரோ ஆச்சியோதான் சரியாகச் சொல்வார். இன்னொன்று: டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்கவே கூடாது. படுக்கை விரிக்கும்போது, தலை வாரி விடும்போது, ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிற அந்த அரை நிமிடத்தில் கேட்க வேண்டும்.

கேட்டு வாங்கிய பதிலை என்ன செய்வது என்பது அடுத்த பாடம். இங்கே மாணவியருக்கு ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் எழுதிக்கொடுத்த சூரணமும், பேருந்து நிலையத்துப் போஸ்டரைப் பார்த்து வரவழைத்த மூட்டுவலிப் பொடியும், மாந்தத்துக்கு மந்திரித்த தண்ணீரும், யூடியூப் கஷாயமும் இவர்கள் நோட்டில் 'நாட்டு மருந்து' என்ற ஒரே தலைப்புக்குக் கீழே போய்விடுகின்றன. யார் கொடுத்தது, என்ன படித்தவர், பெட்டியில் லேபிள் உண்டா, தயாரிப்பு உரிம எண் உண்டா, காலாவதித் தேதி உண்டா என்று பிரித்துக் கேட்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பது தெரிந்திருந்தால், போஸ்டர் மருந்தை எந்த வரிசையில் வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

மூட்டுவலிப் பொடியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அதைச் சாப்பிடுபவருக்கு வலி அற்புதமாகக் குறையும். பசி எடுக்கும், முகம் பூசினாற்போல வட்டமாகும், சர்க்கரையும் பிபியும் ஏறும். இப்படி ஒருவர் வார்டுக்கு வரும்போது, நல்ல எண்ணத்தோடு ஒரு மாணவி "அந்தப் பொடியை இன்னைக்கே தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்து என்று சொல்வதும் ஒரு மருத்துவ ஆணைதான், அது நர்சின் வாயிலிருந்து வரக்கூடாது. பொட்டலத்தை வாங்கி, எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று கேட்டு எழுதி, டாக்டர் கையில் கொடுப்பதுதான் அவள் வேலை. கண்டிக்கிற நர்சுக்கு இந்தப் பொட்டலம் கிடைக்கவே கிடைக்காது.

எலும்பு முறிவு வார்டில் வேறு மாதிரி. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் இங்கே தெற்குவரை பரவியிருக்கிறது. புத்தூரைப் பார்த்தே இராதவர்களும் அந்தப் பெயரில் மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளைக்கரு தோய்த்த துணியும் வைத்துக் கட்டுகிறார்கள். மரத்திலிருந்து விழுந்த பையன் ஒருவன் முன்கையில் அப்படிக் கட்டோடு வந்தான். மாணவி கேர் பிளானில் 'நாட்டுக் கட்டு உள்ளது' என்று எழுதி அடுத்த பெட்டுக்குப் போய்விட்டாள். மாவுக்கட்டு போட்ட கையாக இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பாய் என்று கேட்டேன். மடமடவென்று ஒப்பித்தாள்: வலி, வெளிறல், நாடி, மரத்துப்போதல், அசைவு. இதற்கு ஏன் பார்க்கவில்லை? "இது நம்ம போட்ட கட்டு இல்லையே மேடம்."

கட்டு யார் போட்டது என்பது விரல்களுக்குத் தெரியாது. பையனின் நகத்தை அழுத்திவிட்டால் சிவப்புத் திரும்பவே நேரமாயிற்று. விரலை மெல்ல நிமிர்த்தியதும் அலறினான். டியூட்டி டாக்டர் வந்து கட்டை வெட்டினார். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் உள்ளே தசை செத்து, கை மடங்கியே நின்றுபோயிருக்கலாம். அந்தப் பெற்றோரை யாரும் திட்டவில்லை. தேவையுமில்லை. மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான், அதனால்தான் அதற்கு மணிக்கணக்காக நகம் பார்க்கிறோம்.

குழந்தைகள் வார்டுக்கு வந்தால்தான் மாணவியரின் இரண்டு அறைகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, உரைமருந்து கொடுப்பது, உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவது, குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் ஊதுவது, கையில் வசம்பு வளையல் போடுவது. "எங்களையும் இப்படித்தான் மேடம் வளர்த்தாங்க" என்பார்கள். உண்மைதான், என்னையும் அப்படித்தான். அதற்காக எல்லாவற்றையும் ஒரே மாதிரி விட்டுவிடவோ தடுத்துவிடவோ முடியாது. பிரித்துப் பார்க்கச் சொல்வேன். எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிட்டால் குழந்தை சுகமாகத் தூங்கும், விட்டுவிடு. வசம்பு வளையல் கையோடு இருக்கும்வரை இருக்கட்டும், வாய்க்குப் போகிறதா என்று மட்டும் பார். மூக்கில் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்த் தங்கி நிமோனியாவாகும், அதை நிறுத்தியே ஆக வேண்டும். தேன் ஒரு வயதுவரை கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய்க்கு வழியாகலாம். உரைமருந்தும் சேனையும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற விதிக்குக் குறுக்கே வருகின்றன. சூடு போட்டிருந்தால் அது தீக்காயம், தீக்காயமாகவே எழுதி மேலே தெரிவிக்க வேண்டும்.

ஆச்சியிடம் எதை முதலில் சொல்வது என்பதும் தொழில் நுணுக்கம்தான். எண்ணெய்க் குளியலைப் பாராட்டிவிட்டுப் பிறகு மூக்கைப் பற்றிப் பேசு என்பேன். ஐந்தையும் ஒரே மூச்சில் தடுத்தால் ஆச்சி ஐந்தையும் தொடர்வாள்.

செடி என்றாலே சாது என்ற எண்ணம் மாணவியரிடமும் வேரூன்றியிருக்கிறது. அதற்கு மருந்தியல் புத்தகத்தை விட்டுவிட்டு வளாகத்துக்குக் கூட்டிப் போவேன். மதிலோரம் நித்தியகல்யாணி தானாக முளைத்துக் கிடக்கும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்தது. நரம்பு வழியாக மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. தவறிப் போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் பிழைப்பது அபூர்வம். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கில் கொல்சிசின் இருக்கிறது. அளவோடு கொடுத்தால் கவுட் என்ற மூட்டுநோய்க்கு மருந்து, கிழங்கைத் தின்றால் மரணம். நாட்டு மருந்து வேலை செய்யாது என்று சிரிப்பவர்களுக்கும், பக்கவிளைவே இல்லை என்று சத்தியம் செய்பவர்களுக்கும் இந்த இரண்டு செடிகளும் போதும். 2021இல் மும்பை டாக்டர்கள் சீந்தில்கொடி சாப்பிட்டபின் கல்லீரல் பாதித்த 6 பேரைப் பற்றி எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டே பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 43 பேரைப் பற்றிய அறிக்கையைக் கொண்டுவந்தன. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சீந்தில் குடித்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மஞ்சள் காமாலை நோயாளியிடம் கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பதோடு சீந்திலைப் பற்றியும் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீட்டையும் கொஞ்சம் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நர்சிங்குக்கென்றே சொந்தமாகக் கைவைத்தியம் உண்டு, வெள்ளை உடுப்பு போட்டிருப்பதால் கண்ணில் படுவதில்லை. படுக்கைப்புண்ணில் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி ஆக்சிஜன் குழாயைக் காட்டி உலர்த்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு இடுப்பெலும்பு மேட்டை அழுத்தித் தேய்ப்பதை எங்கள் தலைமுறைக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். சிவந்துபோன மேட்டைத் தேய்க்கவே கூடாது என்று பிறகு வந்தது. எல்லாமே தவறாகிவிடவும் இல்லை. தேனைச் சுத்திகரித்து மருந்துத் தரத்தில் கட்டுப்போட்டால் ஓரளவு ஆழமான தீக்காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இன்னும் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழக நர்சிங் பேராசிரியை டோலோரஸ் க்ரீகர், டோரா குன்ஸ் என்பவரோடு சேர்ந்து 'தெரபியூடிக் டச்' என்ற முறையைக் கொண்டுவந்தார். பெயரில்தான் தொடுதல், கைகளை உடம்புக்குச் சில அங்குலம் மேலே நகர்த்தி நோயாளியின் ஆற்றல் புலத்தைச் சீராக்குவதாகச் சொன்னார்கள். கல்லூரிகளில் கற்பித்தார்கள், ஆயிரக்கணக்கான நர்சுகள் பழகினார்கள். எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். நடுவில் ஒரு தடுப்பு, அதில் இரண்டு ஓட்டைகள். அதன் வழியே இரு கைகளையும் நீட்டச் சொல்லி, காசு சுண்டிப் பார்த்து ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையை வைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டாள். 21 பேர், மொத்தம் 280 முறை. 123 முறை சரியாகச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே 140 வந்திருக்கும். 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது.

ஆராய்ச்சி முறை வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவியர் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, நம் வார்டில் எதை இப்படிச் சோதிக்கலாம் என்று கேட்பேன். ஒருத்தி உடனே கோடாலித் தைலம் என்றாள். நல்ல பதில். வாசனை தெரிந்துவிடுமே, எதோடு ஒப்பிடுவாய் என்று அரை மணி நேரம் விவாதம் போயிற்று. அன்றைக்குத்தான் ஒப்பீட்டுக் குழு என்றால் என்னவென்று அந்த வகுப்புக்கு நிஜமாகப் புரிந்தது. (நைட்டிங்கேல் அம்மையாருக்கும் இந்தக் குறும்பு உண்டு. 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகளில், யாருக்காவது மருந்து கொடுத்தே தீருவேன் என்கிற பெண்மணிகளுக்கு ஹோமியோபதி பெரிதாகக் கெடுதல் செய்யாது என்று ஒரு போடு போட்டிருக்கிறார்.)

சித்த மருத்துவமனைக்கு மாணவியரை அழைத்துப் போனதில் எனக்கும் லாபம்தான். மருந்துகளில் உள்ளுக்கு 32 வகை, வெளிக்கு 32 வகை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயுட்காலம் உண்டு. குடிநீர், அதாவது கஷாயம், ஒரு சாமம்தான், 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். இதைக் கேட்டதும் ஒரு மாணவி என் காதருகே வந்து, "அப்போ நம்ம வார்டுல ஃபிளாஸ்க்ல வச்சு ரெண்டு நாள் குடிக்காங்களே மேடம்" என்றாள். இதுதான் நான் எதிர்பார்த்தது. அந்தக் கஷாயத்தைத் தடுக்க நாம் அலோபதியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவமே அதைக் கொட்டச் சொல்கிறது. நோயாளியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், கோபமே வராது.

எதிர்க்கோடியில் இன்னொரு வகை மாணவியும் உண்டு. ஆர்வக்கோளாறு. டெங்கு காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது, 2020இல் கபசுரக் குடிநீர். முகாம்களில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவர்களில் நர்சிங் மாணவியரும் உண்டு. அந்தத் தைரியத்தில் வார்டிலும் சிபாரிசு தொடங்கிவிடுவார்கள். கல்லடைப்புக்குச் சிறுபீளை, மூலத்துக்குத் துத்தி. சொல்கிற மருந்து நல்லதாகவே இருக்கட்டும், மருந்து எழுதும் உரிமை நமக்கு இல்லை, சித்த மருந்துக்கும் அதே விதிதான். நிலவேம்பு குடித்தேன், சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்த டெங்கு நோயாளிக்கு அந்த மாணவி சொல்ல வேண்டியது வேறு: தீராத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

என் சக ஆசிரியைகளிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. அட்மிஷன் படிவத்தில் அலர்ஜிக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல வீட்டு வைத்தியத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். கேஸ் ஸ்டடிக்கு மதிப்பெண் போடும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் குறையுங்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தால் எப்படிக் கேட்டாள் என்று கேளுங்கள். மருந்தால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் நர்சும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார் அனுப்பலாம். ஆயுஷ் மருந்துகளுக்கும் 2018இலிருந்து தனிக் கண்காணிப்பு இருக்கிறது. அந்தப் படிவத்தை ஒரு முறையாவது மாணவியர் கையால் நிரப்பச் செய்யுங்கள்.

வாசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு வரும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொட்டலத்தையும் லேகிய டப்பாவையும் எடுத்து வாருங்கள். எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும், நர்சிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்; ரத்தம் உறைவதையும் மயக்க மருந்தையும் பாதிக்கக்கூடியவை அவற்றில் இருக்கின்றன.